கதவில்லாத சங்குக்குள் தானே குடிவரும் பேய்க்கணவாய்! தெரியுமா?

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்துத் தங்கமீன் வளர்க்கிறோமே, அந்தத் தொட்டி முதன்முதலில் ஓர் ஆக்டோபஸுக்காகத்தான் செய்யப்பட்டது, தெரியுமா? அதைச் செய்தவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை, தையல் வேலை பார்த்து வந்த ஒரு பெண்! பெயர் ழான் வில்ப்ரூ பவர். பிரான்சின் ஒரு சிற்றூரில் 1794ல் பிறந்தவர். இளவரசி ஒருவரின் திருமண உடையைத் தைத்துப் பேர் வாங்கினார். பிறகு ஒரு வணிகரை மணந்து சிசிலித் தீவின் மெசினா நகரத்துக்குப் போய்க் குடியேறினார். அங்கே கடற்கரையில் அவர் கண்ணில் பட்டது ஆர்கோனாட் என்ற ஆக்டோபஸ் வகை. ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய வெள்ளை ஓட்டுக்குள் உட்கார்ந்தபடி கடலில் மிதந்து திரியும் உயிர் அது.

அந்த ஓடு அதன் சொந்த ஓடா, வேறு உயிரினம் விட்டுப்போனதை எடுத்துக்கொண்டதா? ஆண்டாண்டு காலமாக அறிஞர்கள் அடித்துக்கொண்ட கேள்வி இது! ழான் 1832ல் கண்ணாடித் தொட்டி கட்டினார், கடல்நீர் நிரப்பினார், ஆர்கோனாட்டை உள்ளே விட்டார். ஓட்டில் ஒரு துண்டை உடைத்துவிட்டுக் காத்திருந்தார். அது தன் கைகளில் சுரந்த பொருளைக் கொண்டே உடைந்த இடத்தை அடைத்துக்கொண்டது! குஞ்சுகள் ஓடில்லாமல் பிறப்பதையும், வளர்ந்தபின் தாமே ஓடு கட்டுவதையும் பார்த்துப் பதிவு செய்தார். வழக்கு முடிந்தது. ஓடு சொந்த ஓடுதான்!

ஆர்கோனாட்டில் பெண்ணின் ஓடு 30 சென்டிமீட்டர் வரை வளரும். ஆண் எவ்வளவு பெரியது தெரியுமா? வெறும் 2 சென்டிமீட்டர்! அந்த ஆண், தன் விந்து நிறைந்த கையை அப்படியே கழற்றிப் பெண்ணிடம் கொடுத்துவிடும். பெண்ணின் உடம்புக்குள் நெளிந்துகொண்டிருந்த அந்தக் கையைப் பார்த்த மாபெரும் விலங்கியலாளர் குவியே, 1829ல் அதை ஒரு புழு என்று நினைத்துப் புழுவுக்கான பெயரே சூட்டிவிட்டார்! இந்த ஆர்கோனாட் நம் இந்தியக் கடல்களிலும் உண்டு.

நம் கடல் என்றதும் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயத்துக்காரர்கள் தலையைத் திருப்ப வேண்டும். திருமயம் கோட்டையின் உச்சியில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் கண்மாயும் பாறையும் பொட்டல்காடும்தான் தெரியும், கடல் தெரியாது. ஆனால் அந்தக் கோட்டையை 1687ல் கட்டியவர் இராமநாதபுரம் சேதுபதி. அவர்கள் வம்சத்துக்குப் பாக் நீரிணையின் சங்குக் குளிப்பில் உரிமை இருந்தது. அந்தக் கடற்கரையின் ஒரு பகுதி இன்று புதுக்கோட்டை மாவட்டத்துக்கே சொந்தம். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல். அறந்தாங்கி வழியாக வண்டியை விட்டால் காலைச் சாப்பாட்டுக்கு முன் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்தக் கரையில் ஆக்டோபஸுக்குப் பேய்க்கணவாய் என்று பேர். ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய் இரண்டும் அதன் ஒன்றுவிட்ட உறவுகள்.

அதை அந்தக் காலத்தில் எப்படிப் பிடித்தார்கள் தெரியுமா? இதைப் படித்த நாளிலிருந்து யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வலை கிடையாது, தூண்டில் கிடையாது, இரையும் கிடையாது! நீளமான கயிற்றில் காலியான ஐந்துவிரல் சங்குகளை வரிசையாகக் கட்டுவார்கள். ஆழமில்லாத இடத்தில் கடலடியில் கிடத்திவிட்டு வந்துவிடுவார்கள். பேய்க்கணவாய்க்கு ஒளிந்துகொள்ள ஒரு பொந்து வேண்டும். அது இல்லாமல் அதற்கு நிம்மதியே இல்லை. காலிச் சங்கைக் கண்டதும் தடவிப் பார்த்து, பிடித்துப்போய், உள்ளே குடியேறிவிடும். மீனவர் திரும்பி வந்து கயிற்றை இழுக்கும்போதுகூட வெளியே குதிக்காமல் இன்னும் உள்ளேயே ஒடுங்கும்! சங்குக்குக் கதவில்லை, பூட்டில்லை, எந்த நொடியும் வெளியேறலாம். ஆனாலும் வெளியேறாது, ஏனென்றால் அது தானே தேர்ந்தெடுத்த வீடு! சென்னை மாகாண மீன்வளத் துறையில் நூறு ஆண்டுக்கு முன் வேலை பார்த்த ஜேம்ஸ் ஹார்னெல், பாக் நீரிணையில் இந்த முறையைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். பிடித்ததை அன்று பெரிய மீனுக்குத் தூண்டில் இரையாகப் போட்டார்கள். இன்று பேய்க்கணவாய் உறைநிலையில் கப்பலேறி அயல்நாட்டுத் தட்டுகளுக்குப் போகிறது.

ஆக்டோபஸின் குணத்தை அந்த மீனவர்கள் எந்தப் புத்தகத்தையும் புரட்டாமல் கண்டுபிடித்திருந்தார்கள் என்பதைத்தான் நான் இந்தக் கட்டுரையின் பெரிய அதிசயமாகச் சொல்வேன். இந்த உயிரை அடைத்து வைக்க முடியாது. அதற்குப் பிடித்த இடத்தைக் கொடுத்தால் தானாக வந்து இருக்கும். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய பெரிய மீன்காட்சியகங்களெல்லாம் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டன.

இங்கி கதை தெரியுமா? நியூசிலாந்தின் நேப்பியர் நகரத்திலுள்ள தேசிய மீன்காட்சியகத்தில் இருந்த ஆக்டோபஸ் இங்கி. 2016ல் ஒரு இரவு, தொட்டி மூடியில் கொஞ்சம் இடைவெளி இருந்தது. அதன் வழியே வெளியே வந்தது. தரையில் ஊர்ந்தது. ஒரு வடிகால் குழாய்க்குள் நுழைந்தது. 50 மீட்டர் நீளமுள்ள அந்தக் குழாயின் மறுமுனை, கடல்! காலையில் வந்த ஊழியர்கள் பார்த்தது தரையில் கிடந்த ஈரத் தடத்தை மட்டும்தான்.

அந்தச் சின்ன இடைவெளியில் எப்படிப் புகுந்தது என்கிறீர்களா? ஆக்டோபஸ் உடம்பில் எலும்பே இல்லை. கிளி மூக்கு மாதிரி வளைந்த அலகு ஒன்றுதான் நன்கு கடினமான பாகம். அந்த அலகு நுழையும் ஓட்டையில் மொத்த உடம்பும் நுழைந்துவிடும்!

ஜெர்மனியின் கோபுர்க் நகர மீன்காட்சியகத்தில் 2008ல் இரவு இரவாக மின்சாரம் போய்க்கொண்டே இருந்தது. காரணம் தெரியாமல் ஊழியர்கள் தவித்துக் கடைசியில் இரவில் காவல் இருந்து பார்த்தார்கள். ஓட்டோ என்ற ஆக்டோபஸ், தொட்டி விளிம்புக்கு ஏறி, மேலே எரிந்துகொண்டிருந்த விளக்கின் மீது குறிபார்த்துத் தண்ணீரைப் பீச்சி அணைத்துக்கொண்டிருந்தது! அதே நாட்டின் ஓபர்ஹவுசனில் இருந்த பால் என்ற ஆக்டோபஸை நினைவிருக்கிறதா? 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் எட்டு ஆட்டங்களுக்கு முடிவைச் 'சொல்லி', எட்டும் பலித்தது. நம் ஊர் தேநீர்க் கடைகளில்கூட அதைப் பற்றியே பேச்சு. அந்த ஆண்டு அக்டோபரிலேயே அது இறந்துபோனது. வயது என்ன தெரியுமா? மூன்றுகூட ஆகவில்லை. அதன் இனத்துக்கு அதுவே நல்ல கிழ வயது! அந்தச் சோகத்துக்குக் கட்டாயம் திரும்பி வருவேன்.

முதலில் உடம்பைப் பாருங்கள். ஆக்டோபஸுக்கு இதயம் மூன்று! இரண்டு இதயங்கள் இரத்தத்தைச் செவுள்களுக்கு அனுப்பும். மூன்றாவது உடம்பு முழுக்க அனுப்பும். நீந்தத் தொடங்கினால் அந்த மூன்றாவது நின்றுவிடும்! அதனால்தான் அதற்கு நீந்தினால் களைப்பு. ஊர்ந்து போகத்தான் விருப்பம். இரத்தம் நீலம்! நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அங்கே தாமிரம் செய்கிறது. மூளை மாலை வடிவத்தில் உணவுக்குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. விழுங்கும் ஒவ்வொரு வாயும் மூளைக்கு நடுவே புகுந்துதான் வயிற்றுக்குப் போகிறது! நரம்பணுக்கள் சுமார் 50 கோடி. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை, கைகளில் இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு கையும் ஓரளவு தானே யோசித்துக் காரியம் செய்யும். கை அறுந்தால் மறுபடி முளைக்கும்.

ராட்சதப் பசிபிக் ஆக்டோபஸின் பெண்ணுக்கு எட்டுக் கைகளிலும் சேர்த்து 2,240 உறிஞ்சிகள். ஒவ்வொன்றும் தொட்டால் சுவை அறியும்! ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ல் அந்தச் சுவை உணரிகளைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். இருட்டுப் பொந்துக்குள் கையை விட்டுத் துழாவும்போதே, அகப்பட்டது நண்டா கல்லா என்று நாக்கில் வைத்துப் பார்த்ததுபோல அதற்குத் தெரிந்துவிடும்.

நிறம் மாறுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. பாறை, பாசி, மணல், எதன் மேல் உட்கார்ந்தாலும் அந்த நிறம், அந்தச் சொரசொரப்பு! அப்படிப்பட்ட ஆக்டோபஸுக்கு நிறமே தெரியாது என்பது தெரியுமா? பெரும்பாலான ஆக்டோபஸ்களின் கண்ணில் ஒரே வகை ஒளியுணரிதான். நிறக்குருடு! எப்படி இவ்வளவு கச்சிதமாகப் பொருத்துகிறது என்று ஆய்வாளர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். 2015ல் ஒரு துப்பு கிடைத்தது. கண்ணின் துணையில்லாமல் அதன் தோலே ஒளியை உணர்ந்து வினையாற்றுகிறதாம்! நீலன் ஆக்டோபஸ் என்று சொல்லத்தக்க ஆக்டோபஸ் சயானியா என்ற இனம், ஏழு மணி நேரத்தில் சுமார் 1,000 முறை தோற்றம் மாற்றியதை ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இந்த இனம் இந்தியப் பெருங்கடலின் பவளப்பாறைப் பகுதிகளில் வாழ்வது. செங்கடலில் இதே இனம் மீன்களோடு கூட்டுச் சேர்ந்து வேட்டையாடும். கூட்டாளி மீன் குறுக்கே வந்தால் கையை முறுக்கி ஒரு குத்து விடும்! 2020ல் இதுவும் ஆய்வேட்டில் ஏறியது.

இந்த இனத்தைத்தான் ஒருவர் தன் வீட்டுக் கூடத்திலேயே வளர்த்தார். அலாஸ்காவில் ஆங்கரேஜ் நகரம். வெளியே பனி. உள்ளே தொட்டியில் ஹைடி. வளர்த்தவர் அலாஸ்கா பசிபிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் ஷீல். 2019ல் அமெரிக்காவின் பிபிஎஸ் தொலைக்காட்சி அதைப் படமாக்கியது. வீட்டார் கூடத்துக்குள் வந்தால் ஹைடி கண்ணாடியோரம் ஓடி வரும். கை நீட்டினால் தன் கையை நீட்டித் தொடும். அதைவிட ஒரு காட்சி: ஹைடி தூங்குகிறது. உடம்பு வெள்ளை. திடீரென்று மஞ்சள் படர்கிறது. அப்புறம் கரிய நிறம் பாய்கிறது. அதன் பிறகு திட்டுத் திட்டாகப் புள்ளிகள். வேட்டையாடும்போது வரும் அதே நிறங்கள், ஆனால் கண் தூக்கத்தில்! கனவில் நண்டு பிடிக்கிறதோ என்று ஷீல் வியந்து சொல்வார். உலகமே அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. ஆக்டோபஸுக்கு அமைதித் தூக்கம், துடிப்புத் தூக்கம் என இரண்டு வகைத் தூக்கம் உண்டென்று 2021ல் பிரேசில் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இதைப் படித்ததும் 'நாமும் ஒன்று வாங்கலாமா?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும், நியாயமான ஆசை. பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

முதலில் தண்ணீர். திருமயத்துக் குழாய்த் தண்ணீரில் கல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாது! ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. சமையல் உப்பு அவற்றில் ஒன்றுதான். வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளங்களில் உப்பு எடுத்தபின் வடித்து ஊற்றும் கசப்பு நீரிலேயே மக்னீசியமும் மற்ற தாதுக்களும் போய்விடுகின்றன. அடுத்து, தாமிரம். தன் இரத்தத்தையே தாமிரத்தால் ஓட்டும் ஆக்டோபஸ், தண்ணீரில் கொஞ்சம் தாமிரம் கலந்தாலே செத்துப்போகும்! செம்புக் குடத்துத் தண்ணீர் அதற்கு விஷம். வண்ணமீன் கடையில் மீன் நோய்க்குத் தரும் மருந்துகள் பலவற்றில் தாமிரம் இருக்கும். ஒரு சொட்டு மருந்து போட்ட பழைய தொட்டியைக்கூட நம்ப முடியாது. சித்திரை வெயிலில் தொட்டி சூடானால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். குளிரூட்டும் கருவி இரவு பகலாக ஓட வேண்டும். மின்சாரம் நின்றால்? பயந்து மை கக்கினால் கடலில் அது விலகி ஓடிவிடும். தொட்டியில் எங்கே ஓடும்? தன் மையே தனக்கு ஆபத்து. சாப்பாட்டுக்கு நண்டும் இறாலும் வேண்டும், உயிரோடு இருந்தால் இன்னும் நல்லது. தொட்டியை அழகுபடுத்தப் பவளப்பாறையை உடைத்து வந்தால் சிறைதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பவளங்கள் 2001லிருந்து இருக்கின்றன.

இத்தனையும் பணத்தால் சமாளிக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். பணத்தால் வாங்க முடியாதது ஒன்று உண்டு. காலம். பாக் நீரிணையில் கிடைக்கும் சிறிய பேய்க்கணவாய்களின் ஆயுள் ஓராண்டை ஒட்டித்தான். நடுத்தர இனங்களுக்கு ஒன்று முதல் இரண்டு ஆண்டு. ராட்சதப் பசிபிக் ஆக்டோபஸே மூன்று முதல் ஐந்து ஆண்டுதான். 33,000 மரபணுக்கள் (மனிதனைவிட அதிகம்! 2015ல் கணக்கெடுத்தார்கள்), 50 கோடி நரம்பணுக்கள், முகம் பார்த்து ஆள் அடையாளம் காணும் அறிவு. இவ்வளவும் ஒரு நாய்க்குட்டி வளர்ந்து நாயாவதற்குள் முடிந்துவிடுகிறது.

முடிவு எப்படி வருகிறது தெரியுமா? அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு குடும்பம் 2023ல் மகன் ஆசைப்பட்டானென்று ஓர் ஆக்டோபஸ் வாங்கியது. ஆண் என்று நினைத்து டெரன்ஸ் என்று பெயரும் வைத்தார்கள். டெரன்ஸ் முட்டையிட்டது! கருவில்லாத முட்டை என்று எண்ணினார்கள். எல்லோரையும் திகைக்க வைத்துக் குஞ்சுகள் வெளியே வந்தன, சுமார் 50! பெண் ஆக்டோபஸ் விந்தை உடம்புக்குள் மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்ளும். செய்தி உலகம் சுற்றியது, எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் முட்டையிட்ட ஆக்டோபஸுக்கு நாள் எண்ணப்படத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

முட்டையிட்டபின் தாய் பெரும்பாலும் இரை எடுப்பதையே நிறுத்திவிடும். பொந்தை விட்டு நகராது. முட்டைகளின் மேல் தண்ணீரைப் பீச்சிப் பீச்சிக் காற்றோட்டம் கொடுக்கும், உறிஞ்சிகளால் துடைத்துத் துடைத்துப் பாசி படியாமல் பார்க்கும். குஞ்சு பொரிக்கும் சமயத்தில் அது இறந்துபோகும். பட்டினியால் மட்டும் வரும் சாவில்லை இது. கண்களுக்கு நடுவே உள்ள ஒரு சுரப்பி அதை நடத்துகிறது. ஜெரோம் வோடின்ஸ்கி என்ற ஆய்வாளர் 1977ல் அந்தச் சுரப்பியை அறுத்தெடுத்தார். தாய் முட்டையை விட்டுவிட்டு மறுபடி சாப்பிடத் தொடங்கியது, கூடுதல் காலம் வாழ்ந்தது! கலிபோர்னியாவின் மான்டரே கடல் பள்ளத்தாக்கில், 1,400 மீட்டர் ஆழத்தில், ஓர் ஆழ்கடல் ஆக்டோபஸ் 2007ல் முட்டையோடு உட்கார்ந்ததை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஒவ்வொரு முறை கருவியை இறக்கியபோதும் அது அங்கேயே இருந்தது. 2011 வரை! 53 மாதங்கள்! இவ்வளவு நீண்ட அடைகாப்பு வேறெந்த விலங்கிலும் பதிவானதில்லை. இதை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அதனால் என் தீர்ப்பு இது: ஷீல் போல வாழ்நாள் முழுக்க ஆக்டோபஸைப் படித்தவர் வளர்க்கலாம். நாம் வேண்டாம். பிரிட்டன் 2022ல் கொண்டுவந்த விலங்கு நலச் சட்டத்தில் ஆக்டோபஸ் இனங்களை வலியும் உணர்வும் உள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டது. வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் 2024ல் ஆக்டோபஸ் பண்ணைகளுக்கே தடை போட்டன. பிடித்து அடைக்க ஆசைப்பட்ட உலகம் மெல்ல யோசிக்கத் தொடங்கியிருக்கிறது.

ஆனால் பார்க்க ஆசைப்படுங்கள்! பக்கத்திலேயே இருக்கிறது. பாக் நீரிணையில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரம் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022ல் ஆவுளியா (கடற்பசு) பாதுகாப்பகம் ஆகியிருக்கிறது. அந்தக் கடற்புல் வெளி ஆவுளியாவுக்கு மட்டும் வீடில்லை, எத்தனையோ உயிர்களுக்கும் வீடு. விசைப்படகு திரும்பும் வேளையில் பிள்ளைகளைக் கோட்டைப்பட்டினத்துக்கோ ஜெகதாப்பட்டினத்துக்கோ கூட்டிப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். மீன் பிரிக்கும் இடத்தில் நின்று, "அண்ணே, பேய்க்கணவாய் ஏதும் வந்திருக்கா?" என்று கேளுங்கள். உயிரோடு ஒன்று இருந்தால் வாளிக் கடல்நீரில் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். கண்ணைக் கவனியுங்கள். கிடைக்கோடாக நீண்ட கண்மணி, உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கிடையாகவே நிற்கும்!

கை மட்டும் வைக்காதீர்கள். இந்தியக் கடலில் நீல வளைய ஆக்டோபஸும் உண்டு. அந்தமானில் கிடைத்த ஒரே ஒரு மாதிரியை வைத்து 1938ல் பெயரிட்ட ஒரு நீல வளைய இனம், அதற்கப்புறம் 2013ல்தான் மறுபடி கண்ணில் பட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, பேத்தை மீனில் உள்ள அதே விஷம், கடித்தால் மாற்று மருந்து இல்லை.